நூறுக்கு முன்னால் ஐம்பது

அன்பு மருமகளுக்கு,

அத்தை எழுதுகிறேன். நேற்று ராத்திரி நீ வாட்ஸ்அப்பில் அனுப்பியதைப் பார்த்தேன். மலைக்காட்டில் 100 கிலோமீட்டர் டிரெயில் ஓட்டம், மொத்த ஏற்றம் 4,000 மீட்டர், கட்-ஆஃப் 24 மணி நேரம். "பேர் குடுத்துடட்டுமா அத்தை, ஞாயித்துக்கிழமையோட முடியுது" என்று கேட்டிருந்தாய். கூடவே ஓட்டக்காரர் ஜாஸ்மின் பாரிஸ் பந்தயம் முடியும் இடத்தின் மஞ்சள் கேட்டைத் தொட்டுச் சரியும் வீடியோ. போனில் பேசினால் நீ குறுக்கே பேசுவாய். காகிதம் என்றால் கடைசிவரை கேட்டுத்தானே ஆக வேண்டும்!

அந்த வீடியோவிலிருந்தே தொடங்குகிறேன். அமெரிக்காவின் டென்னசி காட்டில் நடக்கும் பார்க்லி ஓட்டத்தில் ஐந்து சுற்று, 60 மணி நேரம். 2024இல் ஜாஸ்மின் அதை 59 மணி 58 நிமிடம் 21 விநாடியில் முடித்தார். ஐந்து சுற்றையும் முடித்த முதல் பெண் அவர்தான். நீ பார்த்து அழுதது மிச்சமிருந்த 99 விநாடியை. நான் பார்ப்பது அதற்கு முந்தைய இரண்டு வருஷத்தை. 2022இல் மூன்று சுற்றோடு நின்றார். 2023இல் நாலாவது சுற்றுக்குக் கிளம்பினார், நேரம் போதவில்லை. அந்த இரண்டு வருஷத்தின் வீடியோவை நீ எனக்கு அனுப்பவில்லை.

இப்போது உன் கணக்கு. மலை ஓட்டக்காரர்கள் 100 மீட்டர் ஏற்றத்தை ஒரு கிலோமீட்டர் சமதரையாக எண்ணுவார்கள். உன் 100, அந்த வகையில் 140. நீ இதுவரை ஓடிய மூன்று மாரத்தானும் கடற்கரைச் சாலையில். ஏற்றம் என்று சொன்னால் ஒரு மேம்பாலம். மணிக்கு ஆறு கிலோமீட்டர் போனால் போதுமே, நடந்தே முடித்துவிடலாமே என்று உனக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது.

ஏற்றம் மூச்சை வாங்கும், அவ்வளவுதான். காலை வாங்குவது இறக்கம். உன் அப்பா வெள்ளியங்கிரி மலைக்குப் போய் வந்த மறுநாள் மாடிப்படியில் பின்பக்கமாக, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினாரே, நீ விழுந்து விழுந்து சிரித்தாயே, அதுதான். இறங்கும்போது ஒவ்வொரு அடிக்கும் தொடைத்தசை நீண்டுகொண்டே உடம்பின் பாரத்தைத் தாங்கிப் பிரேக் போடுகிறது. அதில் தசை இழைகள் நுணுக்கமாகக் கிழியும். சமதரையில் எத்தனை ஓடியிருந்தாலும் அந்தப் பிரேக் தனியாகப் பழகினால்தான் வரும்.

நான் 80 கிலோமீட்டருக்குப் பேர் கொடுத்த கதையை உனக்கு முழுசாகச் சொன்னதில்லை. வெட்கம்தான். 50 வரை நன்றாகப் போனேன். அதற்குப் பிறகு காபித் தோட்டத்துக்குள் ஒரு நீண்ட இறக்கம். மழையில் ஊறின செம்மண். பாதியில் முட்டி மடங்க மறுத்தது. வலி மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டேன். தண்ணீர் வற்றின உடம்போடு அப்படிப் போட்டால் சிறுநீரகத்துக்கு ஆபத்து என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. குமட்டலில் சாப்பாடு இறங்கவில்லை, வெறும் தண்ணீராகக் குடித்தேன். அதுவும் தப்பு, உப்பில்லாமல் தண்ணீரை மட்டும் ஊற்றிக்கொண்டே இருந்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து பாதிப்பு மூளைவரை போய்விடும். எய்ட் ஸ்டேஷனில் உப்புத் தொட்ட உருளைக்கிழங்குத் துண்டு ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். அதை விழுங்க முடியாமல் பத்து நிமிஷம் கையிலேயே வைத்திருந்தேன். சாக்ஸுக்குள் அட்டை ஒன்று ஊதிக் கிடந்தது, அதை எடுக்கக் குனியவும் முடியவில்லை.

மேஜைக்குப் பின்னால் இருந்த பையன் நிதானமாகச் சொன்னான்: "அக்கா, அடுத்த டெண்ட் பதினோரு கிலோமீட்டர். நடுவுல ஜீப் வராது. யோசிச்சுக்குங்க." ஓட்ட எண் எழுதிய பிப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டேன். ஜீப்பில் வரும் வழியெல்லாம் அழுதேன் என்பதையும் எழுதிவிடுகிறேன், நீ எப்படியும் கேட்பாய்.

எல்லை என்பது உன் காலில் மட்டும் இல்லை, கண்ணு. 2021 மே 22 அன்று சீனாவின் கான்சு மாகாணத்தில், மஞ்சள் நதிக்கரைக் கல்காட்டில் ஒரு 100 கிலோமீட்டர் ஓட்டம். கிளம்பியவர்கள் 172 பேர். மலைமேல் ஏறிக்கொண்டிருக்கும்போது ஆலங்கட்டியும் உறைமழையும் சூறைக்காற்றும் பிடித்துக்கொண்டன. பலர் அரைக்கால்சட்டையும் மெல்லிய பனியனுமாக இருந்தார்கள். 21 பேர் செத்துப்போனார்கள். அதில் லியாங் ஜிங்கும் ஒருவர், சீனாவின் முன்னணி அல்ட்ரா ஓட்டக்காரர். அவருக்குத் தெம்பு போதவில்லை என்று யாராவது சொல்ல முடியுமா? விசில், ரெயின் ஜாக்கெட், வெள்ளித்தாள் போர்வை என்று நீள்கிற கட்டாயப் பொருள் பட்டியலைப் பார்த்து நீ சலித்துக்கொள்கிறாய். அந்தப் பட்டியலைக் கறாராகச் சோதிக்காத பந்தயத்துக்கு நீ போகவே கூடாது என்பேன்.

ஆகவே பந்தயத்தின் பக்கத்தைத் திறந்தால் மெடல் படத்தை விடு. வழிப்படத்தைப் பார். இரண்டு டெண்டுக்கு நடுவில் அதிக தூரம் எங்கே, அங்கே வண்டி வருமா, உன் வேகத்துக்கு இருட்டுகிறபோது எந்தச் சரிவில் இருப்பாய், நடுவழிக் கட்-ஆஃப்களில் எது உன்னை நெருக்கும். இதற்கெல்லாம் பதில் தெரியாமல் பணம் கட்டாதே. ராத்திரியில் நீ ஒரு மணி நேரம்கூடக் காட்டுப்பாதையில் ஓடினதில்லை. மாரத்தான் நேரத்தைத் தாண்டியும் பல மணி நேரம் போனால் உன் வயிறு எனர்ஜி ஜெல்லை ஏற்குமா, பிரட்டுமா என்பதும் உனக்குத் தெரியாது. ரோட்டில் மூன்றே முக்கால் மணியில் மாரத்தான் முடித்தது பெரிய விஷயம்தான். அது இந்த இரண்டுக்கும் பதில் இல்லை.

அதே பந்தயத்தில் 50 கிலோமீட்டரும் இருக்கிறது, கீழே சின்ன எழுத்தில். அதற்குப் பேர் கொடு. வேண்டுமென்றே நடந்து போ, கடைசி இறக்கத்தில் உன் தொடை என்ன சொல்கிறது என்று பார். மறுநாள் காலையில் படி இறங்கிவிட்டு எனக்குப் போன் பண்ணு. 100ஐப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம். ஒருவேளை அடுத்த வருஷமே ஆகலாம், மூன்று வருஷமும் ஆகலாம், எனக்கு அவசரமில்லை.

சனிக்கிழமை வந்தால் மருதமலைப் படியில் ஏறி இறங்கலாம், இறங்குவதைத்தான் நான் எண்ணுவேன். என் பழைய ஹெட்லாம்ப்பை எடுத்து வைத்திருக்கிறேன். பேட்டரி கசிந்து உள்ளே பச்சையாகிக் கிடக்கிறது. வரும்போது உன் அப்பாவிடம் சொல்லி உப்புத்தாள் கொஞ்சம் வாங்கி வா.

அன்புடன்,
அத்தை