கஷாயமும் கலோரியும்

உங்கள் வீட்டில் கஷாயம் காய்ச்சிப் பார்த்திருப்பீர்கள். “எட்டொன்றாகக் குறுக்கு” என்பார் பாட்டி. எட்டுப் பங்கு நீர் ஒரு பங்காக வற்றவேண்டும் என்று பொருள். அதற்கு எவ்வளவு வெப்பம் வேண்டும்? கணக்கிட்டுப் பார்ப்போமா?

கடினமான வேர், பட்டை என்றால் சரக்கைப்போல் 16 மடங்கு நீர் விடுவது வழக்கம். 100 கிராம் சரக்குக்கு 1,600 கிராம் நீர். அது 30 டிகிரியிலிருந்து 100 டிகிரி செல்சியசுக்கு உயர 1,600 × 70 = 1,12,000 கலோரி போதும். பிறகுதான் உண்மையான செலவு! 1,400 கிராம் நீர் ஆவியாகவேண்டும். ஒரு கிராமுக்கு உள்ளுறை வெப்பம் 540 கலோரி. ஆக 7,56,000 கலோரி. கொதிக்கவைக்க ஆனதைப்போல் ஏறத்தாழ ஏழு மடங்கு!

காய்ந்த விறகு கிலோவுக்குச் சுமார் 35 லட்சம் கலோரி தரும். திறந்த அடுப்பில் அதில் பத்திலொரு பங்கு பாத்திரத்தில் ஏறினாலே அதிகம். எனவே 200 மில்லி லிட்டர் கஷாயத்துக்கு இரண்டரைக் கிலோ விறகு! அதுவும் மறுநாளைக்கு வைத்தால் கெட்டுவிடும். தாவரச் சத்து கரைந்த நீர் நுண்ணுயிர்களுக்கு நல்ல விருந்தல்லவா? தினமும் புதிதாகத்தான் காய்ச்சவேண்டும். நோயாளி வீட்டில் இதை யார் செய்வது?

இந்தச் சங்கடத்தை நன்கு உணர்ந்தவர் கேரளத்துக் கோட்டக்கல்லில் 1869இல் பிறந்த வைத்தியர் பி. எஸ். வாரியர். குட்டஞ்சேரி வாசுதேவன் மூஸ் என்ற புகழ்பெற்ற வைத்தியரிடம் குருகுல முறையில் ஆயுர்வேதம் பயின்றார். அதோடு நிற்கவில்லை. மஞ்சேரியில் டாக்டர் வர்கீஸ் என்பவரிடம் ஆங்கில மருத்துவமும் கற்றார். தம் சாத்திரத்தில் தேர்ந்த ஒருவர் மற்றொரு முறையின் முன் மாணவராக உட்காருவது அந்நாளில் எளிதன்று. (இந்நாளிலும்தான்!)

1902இல் கோட்டக்கல்லில் ஆரிய வைத்தியசாலையைத் தொடங்கினார். வைத்தியர் சீட்டு எழுதித் தருவார். மூலிகை தேடுவதும் காய்ச்சுவதும் நோயாளியின் பாடு. அந்த நிலையை மாற்றி, மருந்துகளை ஒரே இடத்தில், ஒரே செய்முறையில் தயாரித்துக் கொடுத்தார். பெரிய அண்டாவில் காய்ச்சினாலும் அந்த 540 கலோரியில் ஒன்றுகூடக் குறையாது. ஆனால் கன அளவு பெருகும் வேகத்தில் புறப்பரப்பு பெருகுவதில்லை. ஆகவே லிட்டருக்கு வீணாகும் வெப்பம் குறைகிறது.

கெடாமல் வைக்கும் வழி ஒன்று பழைய நூல்களிலேயே உண்டு. கஷாயத்தில் வெல்லமும் தாதகிப் பூவும் சேர்த்து மூடிவைத்தால் நொதித்து, தானாகவே கொஞ்சம் ஆல்கஹால் உண்டாகும். அதுவே மருந்தைக் காக்கும். இதுதான் அரிஷ்டம்.

இவையெல்லாம் மருந்து நோயைத் தீர்க்கும் என்பதற்குச் சான்றாகுமா? ஆகா. வெப்பத்தை நான் கணக்கிடலாம். குணத்தை நோயாளிகளிடம் முறையாகச் சோதித்துத்தான் அறியவேண்டும். அது வேறு கணக்கு.

வாரியர் இன்னொரு குறையையும் கண்டார். உடலுக்குள் எந்த உறுப்பு எங்கே இருக்கிறது, எப்படி இயங்குகிறது என்பதில் புதிய அறிவு வைத்தியர்களை எட்டவில்லை. அதற்காகவே நவீன உடற்கூற்றியலையும் சேர்த்து ‘அஷ்டாங்க சாரீரம்’ என்ற நூலை வடமொழியில் எழுதினார். 1917இல் கோழிக்கோட்டில் அவர் தொடங்கிய ஆயுர்வேதப் பாடசாலை 1924இல் கோட்டக்கல்லுக்கு மாறியது. 1944இல் அவர் மறைந்தார். பாடசாலை வளர்ந்து, இன்று அவர் பெயரிலேயே கல்லூரியாக நடந்துவருகிறது.