மாடியில் கம்ப்யூட்டர், கீழே டி.வி.

கேள்வி: மண்டைக்காட்டுக் கோயில் கொடை விழா, எங்கள் கல்யாணம் எல்லாம் மாடிக் கம்ப்யூட்டரில் வீடியோவாக இருக்கின்றன. கீழே டி.வி.யில் மகனின் பிளேஸ்டேஷன் 4 மாட்டியிருக்கிறது. அதில் பார்க்க முடியுமா? டேட்டா தீர்ந்துவிடுமோ?
– வாசகி, தக்கலை

பதில்: தாராளமாகப் பார்க்கலாம், டேட்டா செலவாகாது. படம் உங்கள் ரவுட்டர் வழியாகவே கீழே இறங்குகிறது. இணைய லைன் அறுந்து கிடந்தாலும் ஓடும். டி.எல்.என்.ஏ. என்ற பொது முறை இதற்கென்றே உள்ளது. கம்ப்யூட்டரில் விண்டோஸ் என்றால் கண்ட்ரோல் பேனலில் 'மீடியா ஸ்ட்ரீமிங்' வசதியை இயக்குங்கள். பிளேஸ்டேஷனில் 'மீடியா பிளேயர்' செயலியை இறக்குங்கள். இதற்கு மட்டும் ஒருமுறை நெட் வேண்டும். இரண்டும் ஒரே ரவுட்டரில் இருந்தால் கம்ப்யூட்டரின் பெயர் திரையில் வரும். வீடியோ எம்.பி.4 கோப்பாக இருப்பது நல்லது.

படம் திக்கித் திக்கி வந்தால் காரணம் பெரும்பாலும் சுவர்தான். நம் பழைய வீடுகளின் கனத்த சுவரில் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை சோர்ந்துவிடும், 2.4 ஓரளவு தாண்டும். என்னைக் கேட்டால், மாடிப்படி ஓரமாக ஒரு லேன் வயரை இழுத்துவிடுங்கள்.

மகன் பிளேஸ்டேஷன் 5-க்கு மாறினால் அதில் டி.எல்.என்.ஏ. கிடையாது, பிளெக்ஸ் செயலி அல்லது பென் டிரைவ் கைகொடுக்கும்.

கல்யாண வீடியோவை ஒரே கம்ப்யூட்டரில் மட்டும் வைத்திருக்காதீர்கள். இன்றைக்கே வெளி ஹார்டு டிஸ்கில் இன்னொரு பிரதி எடுங்கள்.