ஒரே ஒரு கோரிக்கையில் திணறும் சேவையகம்

பரீட்சைப் பெறுபேறு வெளியாகும் நாளில் இணையத்தளம் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருப்பது நம் வீடுகளில் எல்லோரும் கண்ட காட்சி. ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் கதவைத் தட்டினால் எந்தச் சேவையகமும் திணறத்தான் செய்யும். அதில் வியப்பில்லை. ஆனால் தட்டுபவர் ஒரே ஒருவர், அவர் அனுப்புவதும் கைத்தொலைபேசியில் எடுக்கும் ஒரு புகைப்படத்தை விடச் சிறிய தரவு, அப்படியிருந்தும் சேவையகம் முடங்கிப்போகிறது என்றால் அதை எப்படி விளங்கிக்கொள்வது?

2011 டிசம்பர் 28 ஆம் திகதி ஜேர்மனியின் பேர்லின் நகரில் நடந்த கணினிப் பாதுகாப்பு மாநாடொன்றில் அலெக்சாண்டர் கிளிங்க், ஜூலியன் வெல்டே என்ற இருவர் இதைச் செய்து காட்டினார்கள். பீஎச்பி, ஜாவா, பைதன், ரூபி, மைக்ரோசொப்டின் ஏஎஸ்பி டொட் நெட் என்று இணையத்தளங்களை உருவாக்கப் பயன்படும் பல மொழிகளும் சட்டகங்களும் அன்று ஒரே பட்டியலில் அகப்பட்டன. உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்கும் எங்கள் பாடத்திட்டத்தில் உள்ள பைதனும் பீஎச்பியும் அதில் இருந்ததால்தான் இதைத் தேடிப் படிக்கத் தோன்றியது.

முதலில் ஒரு படிவம் எப்படிப் பயணிக்கிறது என்று பார்ப்போம். பெயர், முகவரி, வகுப்பு என்று நிரப்பிப் பொத்தானை அழுத்தியதும் அவை எல்லாம் ஒரு நீண்ட சரமாகச் சேவையகத்துக்குப் போகின்றன. நாம் எழுதிய நிரல் தொடங்குவதற்கு முன்பே, அந்தச் சரத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு புலத்தின் பெயரையும் பெறுமானத்தையும் ஓர் அட்டவணையில் அடுக்கும் வேலை நடந்துவிடுகிறது. இதுவே பாகுபடுத்தல். கடவுச்சொல் சரியா பிழையா என்று பார்ப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். ஆகவே யார் எவரென்று தெரியாத ஒருவர் அனுப்புவதையும் சேவையகம் பிரித்து அடுக்கியே தீரவேண்டும்.

அடுக்குவதற்குப் பயன்படுவது ஹேஷ் அட்டவணை. இதை விளக்க எங்கள் கல்லூரியை விட நல்ல உதாரணம் கிடையாது. மாணவியரின் தேர்ச்சி அறிக்கைகளைப் பெயரின் முதலெழுத்துப்படி இழுப்பறைகளில் போட்டு வைக்கிறோம் என்று வையுங்கள். 'ர' என்றால் ஓர் இழுப்பறை, 'ஸ' என்றால் இன்னொன்று. ஒவ்வொன்றிலும் நாலைந்து அறிக்கைகளே இருந்தால் தேடுவது எளிது. ஆனால் நம்மில் எத்தனை பேருடைய பெயர் பாத்திமா என்று தொடங்குகிறது! (என்னுடையதும்தான்.) 'பா' இழுப்பறை மட்டும் பிதுங்கி வழியும், மற்றவை காலியாகக் கிடக்கும். புதிதாக ஒரு பாத்திமாவின் அறிக்கை வரும்போது, அது ஏற்கெனவே உள்ளதா என்று அறிய அத்தனை பாத்திமாக்களையும் புரட்ட வேண்டும்.

கணினி முதலெழுத்தைப் பார்ப்பதில்லை, ஒரு கணக்குப் போடுகிறது. அன்றைய பீஎச்பி 5 செய்த கணக்கு இதுதான்: கையில் உள்ள எண்ணை 33 ஆல் பெருக்கி அடுத்த எழுத்தின் ஆஸ்கி எண்ணைக் கூட்டு. ஆங்கிலப் பெரிய எழுத்து 'ஈ' 69, சிறிய எழுத்து 'இசட்' 122. 69 ஐ 33 ஆல் பெருக்கி 122 ஐக் கூட்டினால் 2399. இனிப் பெரிய எழுத்து 'எஃப்' 70, பெரிய எழுத்து 'வை' 89. 70 ஐ 33 ஆல் பெருக்கி 89 ஐக் கூட்டினாலும் 2399! இரு சோடிகளும் ஒரே இழுப்பறைக்குப் போகும். இவற்றை மாற்றி மாற்றிக் கோத்தாலும் விடை மாறாது. இரண்டு சோடிகள் சேர்ந்தால் நான்கு சொற்கள், மூன்று சேர்ந்தால் எட்டு. 16 சோடிகள் சேர்ந்தால் 65,536 வெவ்வேறு பெயர்கள், அத்தனையும் ஒரே இழுப்பறையில். ஒவ்வொன்றையும் முந்தியவற்றோடு ஒப்பிட வேண்டுமென்றால் ஏறத்தாழ 215 கோடி ஒப்பீடுகள். அனுப்புபவருக்கோ இது இரண்டு மெகாபைட்டைச் சற்றுத் தாண்டிய ஒரு படிவம் மட்டுமே.

ஏஎஸ்பி டொட் நெட்டின் நிலை இதைவிட மோசம். சுமார் 100 கிலோபைட் அளவான ஒரே கோரிக்கை செயலியின் ஒரு கோரை 90 முதல் 110 செக்கன் வரை முழுதாகப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்று மைக்ரோசொப்டே அறிவித்தது. மாநாட்டின் மறுநாளே அவசரத் திருத்தத்தையும் வெளியிட்டது.

என்னை உறுத்துவது வேறொன்று. இந்தப் பலவீனம் 2011 இல் கண்டுபிடிக்கப்பட்டதல்ல. அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்கொட் குரொஸ்பி, டான் வொலக் ஆகியோர் 2003 இலேயே ஆய்வுக்கட்டுரை எழுதி எச்சரித்திருந்தார்கள். பேர்ல் மொழியை வளர்ப்பவர்கள் அதே ஆண்டில் திருத்திக்கொண்டார்கள். ஏனையோரில் பலர் எட்டு ஆண்டுகள் சும்மா இருந்தார்கள். எல்லோரும் படிக்கக்கூடிய இடத்தில் கிடந்த கட்டுரை அது.

திருத்தங்கள் இரண்டு விதமாக வந்தன. 2012 ஜனவரியில் வந்த பீஎச்பி 5.3.9 பதிப்பு, ஒரு கோரிக்கையில் 1000 புலங்களுக்கு மேல் ஏற்பதில்லை என்று எல்லை போட்டது. முரட்டு வழிதான், ஆனாலும் 1000 கட்டங்கள் உள்ள படிவத்தை யார் நிரப்பப் போகிறார்கள்? துரதிர்ஷ்டம் என்னவென்றால் அந்தத் திருத்தத்திலேயே ஒரு பிழை புகுந்து, வெளியார் சேவையகத்தில் தம் நிரலையே இயக்கக்கூடிய, முன்னதை விடப் பெரிய ஓட்டையைத் திறந்துவிட்டது. பெப்ரவரியில் 5.3.10 ஐ வெளியிட்டுத்தான் அதை அடைத்தார்கள்.

பைதன் தேர்ந்த வழி அழகானது. இழுப்பறை விதியோடு ஓர் இரகசிய எண்ணையும் சேர்த்து, நிரல் தொடங்கும் ஒவ்வொரு தடவையும் அதை மாற்றிவிடுவது. எந்தப் பெயர் எந்த இழுப்பறைக்குப் போகும் என்று வெளியிலிருப்பவரால் ஊகிக்க முடியாது. கல்லூரி ஆய்வுகூடத்தில் நீங்களே பார்க்கலாம்: பைதனைத் திறந்து உங்கள் பெயரின் ஹேஷ் பெறுமானத்தை அச்சிடுங்கள், மூடிவிட்டு மீண்டும் திறந்து அச்சிடுங்கள். எண் மாறியிருக்கும். இதை மட்டும் செய்து பாருங்கள். பிறருடைய தளத்தைத் திணறடித்துப் பார்ப்பது 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின் கீழ் வழக்குக்குரிய விடயம்.

இது பழைய கதை என்று நினைக்க வேண்டாம். பைதனில் இணையத்தளம் அமைப்போர் விரும்பும் ஃபிளாஸ்க் சட்டகத்தின் அடியில் வெர்க்சொய்க் என்றொரு நூலகம் உள்ளது. 2023 இல் அதிலும் இதே இனத்தைச் சேர்ந்த குறையொன்று வெளிப்பட்டது. கோப்பொன்றைப் பதிவேற்றும்போது அது எங்கே முடிகிறது என்பதைக் காட்ட ஓர் எல்லைக்குறி வரும். அது புதிய வரியில்தான் தொடங்கும். கோப்பு ஒரு புதிய வரியோடு தொடங்கி, அதன்பின் மெகாபைட் கணக்கில் வரி முறியாமல் நீண்டால், எல்லைக்குறி இனித்தான் வருமோ என்று நூலகம் வந்த தரவையெல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு துண்டு வரும்போதும் தொடக்கத்திலிருந்து மீண்டும் தேடியது. 1000 பக்கக் கடிதமொன்றைப் பக்கம் பக்கமாகப் பெற்று, ஒவ்வொரு முறையும் முதற்பக்கத்திலிருந்து வாசிப்பது போன்றது இது. இணைந்த கணிதம் படிப்பவர்கள் கூட்டல் விருத்தியைப் போட்டுப் பாருங்கள்: 1000 பக்கங்களுக்கு 5,00,500 பக்க வாசிப்பு.

திருத்தம் சில வரிகளே. எல்லைக்குறியின் நீளம் நூலகத்துக்கு முன்கூட்டியே தெரியும். புதிய வரிக்குப் பின் அந்த நீளத்தைத் தாண்டித் தரவு வந்துவிட்டால் அங்கே எல்லைக்குறி இருக்க வழியில்லை; சேர்த்ததை அனுப்பிவிட்டு முன்னே போகலாம். 3.0.1 பதிப்பிலும், பழைய வரிசையில் 2.3.8 பதிப்பிலும் இது சேர்க்கப்பட்டது. ஃபிளாஸ்க்கில் ஏதேனும் செய்து வைத்திருக்கும் அக்காமார் தங்கள் கணினியில் எந்தப் பதிப்பு உள்ளது என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.