புகை குறைந்த விறகடுப்பும் அதற்கேற்ற விறகும்

திருநெல்வேலி ஜில்லாவின் தென்கோடியிலுள்ள இராதாபுரம் வட்டாரம், தாமிரவருணியின் நஞ்செய்ச் செழிப்பைக் காணாத, புஞ்செய் மிகுந்த பிரதேசமாகும். பனையும், உடைமரமும், சீமைக் கருவேலும் இங்கு மிகுதியாயுள. ஆதலின் விறகுக்குப் பஞ்சமில்லை என்று கருதி அதனை அளவின்றி எரிப்பது வழக்கமாயிருந்து வருகிறது. 2016-ஆம் ஆண்டு மே மாதம் 1-ஆம் தேதி தொடங்கப்பெற்ற உஜ்வலா திட்டத்தினாலும் பிறவற்றாலும் சமையல் எரிவாயு கிராமங்கள்தோறும் வந்துவிட்டது. எனினும் வெந்நீர் வைத்தல், நெல் அவித்தல், பதநீர் காய்ச்சுதல் முதலிய காரியங்களுக்கு விறகே இன்னும் உதவுகிறது. ஆகவே, எவ்வகை அடுப்பில் எவ்வகை விறகை எங்ஙனம் எரித்தால் புகை குறையும் என்பதை விவசாயிகளும் கிராம உத்தியோகஸ்தர்களும் அறிந்திருத்தல் அவசியம்.

புகையாவது யாது?

விறகு சூடேறும்போது முதலில் அதிலுள்ள நீர் ஆவியாகிறது. பின்னர் விறகின் பெரும்பகுதி எரியக்கூடிய வாயுக்களாகவும் கீலாவியாகவும் மாறி வெளிப்படுகிறது. எஞ்சி நிற்பதே கரி. அவ்வாயுக்களுக்குப் போதிய உஷ்ணமும் போதிய காற்றும் கிடைத்தால் அவை சுவாலையாய் எரிந்து பயன் தரும். இரண்டில் ஒன்று குறையினும் அவை எரியாமலே வெளியேறும். அதுவே புகை. எனவே புகை என்பது வீணாய்ப்போன விறகேயன்றி வேறன்று. கண்ணைக் கரிக்கும் பொருளும், காசு கொடுத்து வாங்கி வீசியெறிந்த பொருளும் ஒன்றே என்பதைக் குடும்பத் தலைவர்கள் மனத்திற் கொள்ளவேண்டும்.

புகையினால் விளையும் கேடு

விறகுப் புகையில் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயுவும், நுரையீரலின் அடிவரை செல்லவல்ல நுண்துகள்களும் உள்ளன. நெடுநாள் இப்புகையில் உழல்வோருக்கு நாட்பட்ட மூச்சிரைப்பு, கண்புரை முதலிய நோய்கள் வருகின்றன. சிறு குழந்தைகளுக்குச் சளிச்சுரம் மிகுகிறது. வீட்டுப் புகையினால் உலகெங்கும் 2020-ஆம் ஆண்டில் 32 லட்சம் பேர் மாண்டதாக உலக சுகாதார ஸ்தாபனம் கணித்துள்ளது. இந்தியா உட்பட 4 நாடுகளில் சுமார் 3,200 கர்ப்பிணிப் பெண்களைக் கொண்டு ஓர் ஆராய்ச்சி நடைபெற்றது. தமிழ்நாட்டில் விழுப்புரம், நாகப்பட்டினம் பகுதிகளில் நடந்த இவ்வாராய்ச்சியின் முடிவுகள் 2022-ல் வெளிவந்தன. விறகு முதலியவற்றை எரித்த பெண்கள் சுவாசித்த காற்றில் கன மீட்டருக்குச் சுமார் 71 மைக்ரோகிராம் நுண்துகள் இருந்தது. எரிவாயுவுக்கு மாறியவர்களிடம் அது சுமார் 24 ஆகக் குறைந்தது. ஆயினும் பிறந்த குழந்தைகளின் எடையில் வேறுபாடு காணப்படவில்லை. எந்த விறகடுப்பும் எரிவாயு அடுப்பின் தூய்மையை எட்டுவது அரிது. ஆகையால் வீட்டினுள் செய்யும் சமையலுக்கு எரிவாயுவே சிறந்தது. விறகைத் தவிர்க்க இயலாத வேலைகளுக்கே பின்வரும் யோசனைகள் கூறப்படுகின்றன.

இங்கிலாந்து கற்ற பாடம்

1952-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் லண்டன் நகரை 5 நாட்கள் புகைமூட்டம் சூழ்ந்து, ஆயிரக்கணக்கானோர் உயிரிழந்தனர். வீடுகளில் எரிந்த நிலக்கரி அதற்கு ஒரு முக்கிய காரணம். அதன் பயனாய் 1956-ல் தூய காற்றுச் சட்டம் இயற்றப்பெற்று, புகைக் கட்டுப்பாட்டுப் பகுதிகள் ஏற்படுத்தப்பட்டன. அப்பகுதிகளில் அங்கீகாரம் பெற்ற எரிபொருளை எரிக்கலாம். விறகு எரிக்க விரும்புவோர் பரீட்சிக்கப்பட்டு விலக்களிக்கப்பெற்ற அடுப்பில் மட்டுமே எரிக்கலாம். இன்ன அடுப்பில் இன்ன எரிபொருள் என்று குறித்தே அவ்விலக்கு அளிக்கப்படுகிறது. மேலும், 2021 மே மாதம் முதல் இங்கிலாந்தில் சில்லறையாய் விற்கும் விறகில் ஈரம் நூற்றுக்கு 20 பங்குக்கு மேல் இருத்தலாகாது.

நம் கிராமத்து அடுப்பங்கரைகளுக்கு அத்தகைய சட்டம் இல்லை. ஆயினும் அதிலடங்கிய உண்மை இங்கும் பொருந்தும்: அடுப்பையும் விறகையும் தனித்தனியே தேர்ந்தெடுத்தல் பயன்படாது, இரண்டும் ஒன்றற்கொன்று இசைந்திருக்கவேண்டும்.

விறகை உலர்த்தும் முறை

பச்சை மரத்தில் எடையிற் பாதியளவு நீர் இருப்பதுண்டு. அத்தகைய விறகு 10 கிலோ வாங்கினால் 5 கிலோ நீருக்கும் விலை கொடுத்ததாகும். அந்நீரை ஆவியாக்கவே சுமார் 3,000 கிலோ கலோரி உஷ்ணம் செலவாகிறது. அதைவிடப் பெரிய நஷ்டம், ஈரத்தால் நெருப்பின் உஷ்ணம் தாழ்ந்து வாயுக்கள் எரியாமல் புகையாய்ப் போவதேயாம். எவ்வளவு உயர்ந்த அடுப்பாயினும் பச்சை விறகிட்டால் புகையும்.

இவ்வட்டாரத்தில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களே மழைக்காலம். ஆகவே தை, மாசி மாதங்களில் விறகை வெட்டிப் பிளந்து அடுக்கினால், கோடை வெயிலிலும் ஆனி, ஆடி மாதங்களின் மேல்காற்றிலும் நன்கு உலர்ந்துவிடும். மூன்று அங்குலக் கனத்திற்கு மேற்பட்ட கட்டைகளைப் பிளத்தல் வேண்டும். தரையில் படாதபடி கற்களின் மேலேனும் பனந்துண்டுகளின் மேலேனும் குறுக்கும் நெடுக்குமாய் அடுக்கி, மேற்புறத்தை மட்டும் மூடி, பக்கங்களைக் காற்றுக்குத் திறந்துவிடவேண்டும். உலர்ந்த விறகின் முனைகளில் வெடிப்புக் காணும். இரண்டு துண்டுகளைத் தட்டினால் கணீரென்று ஒலிக்கும். இன்னும் நிச்சயம் வேண்டுவோர் ஒரு கட்டையை அடையாளமிட்டு வாரந்தோறும் நிறுத்துப் பார்க்கலாம். எடை மேலும் குறையாமல் நின்றுவிட்டால் விறகு காய்ந்ததென்று கொள்ளலாம்.

ஏற்ற எரிபொருளும் ஆகாதனவும்

உடையும் சீமைக் கருவேலும் கனமும் உறுதியுமுள்ளவை; நின்று எரிந்து நல்ல கரியும் தருவன. நெடுநேரம் காயவேண்டிய வேலைகளுக்கு இவை உகந்தவை. சிரட்டையும் நன்கு காய்ந்த பனமட்டையும் விரைவில் சூடு தரும். பனையோலை சடுதியில் பற்றி அணைவதாகையால் தீ மூட்டுவதற்கு மட்டும் உதவும். சாணத்தை வறட்டியாக்கி எரிப்பதினும் குப்பையில் சேர்த்து எருவாக்குவதே நிலத்திற்கு நன்மை. வறட்டியின் புகையும் விறகின் புகையினும் மிகுதி. இடிந்தகரை போன்ற கடலோர ஊர்களில் கரையொதுங்கும் மரத்தை எரித்தலாகாது. அதிலுள்ள உப்பு இரும்பை அரிப்பதோடு நச்சுப் பொருள்களையும் உண்டாக்கும். சாயம் பூசிய பலகை, பிளாஸ்டிக், வண்டி டயர் இவற்றை அடுப்பின் அருகிலும் கொணரலாகாது.

அடுப்பின் வகைகள்

முதலாவது, மூன்று கல் அடுப்பும் சாதாரண மண்ணடுப்பும். இவற்றில் விறகின் உஷ்ணத்தில் பத்தில் ஒரு பங்களவே பாத்திரத்தைச் சேர்கிறது.

இரண்டாவது, புகைபோக்கியுடன் கட்டிய நிலையடுப்பு. நம் வீடுகளில் வழங்கிவரும் கொடியடுப்பைப் போன்று, ஒரே நெருப்பு அடுத்த பாத்திரத்தையும் சூடாக்கும். பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த அஸ்திரா நிலையத்தார் 1980-களில் பரப்பிய ‘அஸ்திரா ஒலெ’ என்னும் அடுப்பில் மூன்று பாத்திரங்களை வைக்கலாம். ஆனால் எல்லாக் கண்களிலும் பாத்திரம் இருந்தாலன்றி இவ்வகையில் சிக்கனமில்லை. ஒரு பாத்திரமே வைப்போர் ஒற்றைக்கண் அடுப்பையே கொள்ளவேண்டும்.

மூன்றாவது, எடுத்துச் செல்லத்தக்க உலோக அடுப்பு. இதில் இயல்பாய்க் காற்றிழுப்பது ஒன்று. சிறு விசிறியால் காற்றை ஊட்டுவது மற்றொன்று. முன்னதில் நீண்ட சுள்ளிகளை நுழைத்து எரிக்கலாம். பின்னதில் புகை மிகவும் குறைவு. ஆயினும் விறகைச் சிறு துண்டுகளாய் நறுக்கி உலர்த்தியிடவேண்டும், விசிறிக்கு மின்சாரமும் வேண்டும். நறுக்க ஆளில்லாத வீட்டில் அது விரைவில் மூலைக்குப் போய்விடும்.

உலோக அடுப்பு வாங்குவோர் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 13152 என்னும் முத்திரை உண்டா என்று பார்க்கவேண்டும். 2013-ல் திருத்தப்பெற்ற அவ்விதிப்படி, இயல்பான காற்றில் எரியும் அடுப்பு விறகின் உஷ்ணத்தில் நூற்றுக்கு 25 பங்கேனும், விசிறியடுப்பு 35 பங்கேனும் பாத்திரத்திற்குச் சேர்க்கவேண்டும்.

பலவகை எரிபொருளையும் எரிக்க விரும்புவோர், அடியில் கம்பித் தட்டும் அதன்கீழ்ச் சாம்பல் அறையும் உள்ள அடுப்பைத் தேர்ந்தெடுப்பது நலம். கீழிருந்து காற்றுப் புகுதலால் சிரட்டையும் கரித்துண்டும் முற்றும் எரியும். வாயை விறகால் அடைக்காமல் பாதியேனும் காற்றுக்கு விடவேண்டும்.

காற்றும் புகைபோக்கியும்

ஆரல்வாய்மொழிக் கணவாயின் வழியே வீசும் மேல்காற்று, இவ்வட்டாரத்தில் காற்றாலைகளைச் சுழற்றுமளவு வலிமையுடையது. வேறு ஊர்களில் நன்றாய் இயங்கும் புகைபோக்கி இங்குப் புகையை வீட்டினுள்ளே திருப்பிவிடக்கூடும். இதைத் தடுக்க, குழாய் கூரை முகட்டுக்கு மேல் 2 அடியேனும் உயர்ந்து, தலையில் காற்று நேரே நுழையாதபடி மூடியுடன் இருக்கவேண்டும். வளைவுகள் கூடா. அடுப்பின் வாய் மேற்கு வாசலை நோக்கியிருத்தலும் ஆகாது.

ஓலைக் கூரை வீடுகளில் சூடான குழாய் ஓலையைத் தொடுமாறு அமைத்தல் பேராபத்து. குழாயைச் சுவர் வழியே வெளியே கொண்டுபோய், கூரைக்கு எட்டத்தில் நிமிர்த்துதல் தக்கது. புகைபோக்கி, வீட்டின் புகையை வெளியேற்றுமேயன்றிப் புகையை இல்லாமற் செய்யாது என்பதும் நினைவிலிருக்கவேண்டும்.

விடிலியில் பதநீர் காய்ச்சுதல்

ஒரு கிலோ கருப்புக்கட்டிக்குச் சுமார் 8 லிட்டர் பதநீர் வேண்டுமெனக் கொண்டால், ஏறக்குறைய 7 லிட்டர் நீரை ஆவியாக்கவேண்டும். அதற்குச் சுமார் 4,300 கிலோ கலோரி தேவை. உலர்ந்த விறகு கிலோ ஒன்றுக்குச் சுமார் 3,500 கிலோ கலோரி தரும். உஷ்ணத்தில் பத்தில் ஒரு பங்கே பயன்படும் அடுப்பில் 12 கிலோ விறகும், நாலில் ஒரு பங்கு பயன்படும் அடுப்பில் 5 கிலோ விறகும் செலவாகும். ஒரு கிலோவுக்கு 7 கிலோ விறகு மிச்சமென்றால், பருவம் முழுவதும் சேரும் லாபத்தைப் பனைத்தொழிலாளரே கணக்கிட்டுக்கொள்ளலாம். அடுப்பருகில் நாள்முழுதும் நின்று துழாவும் பெண்மக்களின் சுகமோ கணக்கில் அடங்காதது.

ஆகவே விடிலியடுப்பின் மேல்புறம் மண்சுவர் எழுப்பிக் காற்றை மறைத்தலும், பாத்திரத்திற்கும் அடுப்புச் சுவருக்கும் அரை அங்குலமளவே இடைவெளி விடுதலும், கம்பித் தட்டு அமைத்தலும், நிற்பவருக்கு எதிர்ப்புறத்தில் புகைபோக்கி வைத்தலும் செய்யத்தக்கன. தோட்டத்தில் பனையேற விடும் நிலச்சொந்தக்காரர்கள் இச்சிறு செலவை ஏற்பது நியாயமாகும்.

வாங்குமுன் செய்யத்தக்க பரீட்சை

எந்த அடுப்பையும் விற்பவர் சொல்லை மட்டும் நம்பி வாங்கவேண்டாம். ஒரு பாத்திரத்தில் 5 லிட்டர் நீர் வார்த்து மூடி, நிறுத்து வைத்த உலர்ந்த விறகால் கொதிக்க வைத்து, செலவான விறகை நிறுத்தறியவேண்டும். நீரைக் கொதிநிலைக்குக் கொணரச் சுமார் 350 கிலோ கலோரி வேண்டும்; வீண்போகாவிடில் அதற்கு 100 கிராம் விறகே போதும். ஒரு கிலோ செலவானால் அவ்வடுப்பு பத்தில் ஒரு பங்கையே பயன்படுத்துகிறது. 400 கிராம் செலவானால் நாலில் ஒரு பங்கு. ஒரே விறகு, ஒரே பாத்திரம் கொண்டு மும்முறை செய்து சராசரி காணல் வேண்டும். பாத்திரத்தின் அடியில் படியும் கரியின் அளவு புகையின் அளவைக் காட்டும். கிராம உத்தியோகஸ்தர்கள் இப்பரீட்சையைப் பலர் காண நடத்திக் காட்டினால் பெரிதும் பயன் விளையும்.

பராமரிப்பு

நம் நாட்டில் 1983-ல் தொடங்கி 2002-ல் முடிவுற்ற தேசிய மேம்பட்ட அடுப்புத் திட்டத்தில் 3 கோடிக்கும் மேற்பட்ட அடுப்புகள் அமைக்கப்பெற்றன. அவற்றுட் பல நெடுநாள் நிலைக்கவில்லை. ஒடிசா மாகாணத்தில் புகைபோக்கியடுப்பு பெற்ற குடும்பங்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தபோது, முதல் ஆண்டில் குறைந்த புகை பின்னர்க் குறைந்ததாய்க் காணப்படவில்லை. வெடிப்பைப் பூசாமையும், குழாயைத் துப்புரவு செய்யாமையும், அடுப்பை ஒழுங்காய் உபயோகியாமையுமே காரணங்கள்.

ஆதலின் மாதம் ஒருமுறை குழாயின் கரியைத் தட்டியெடுத்தல், நாள்தோறும் சாம்பலை அகற்றுதல், வெடிப்புகளை உடனே மண்ணிட்டுப் பூசுதல் ஆகிய மூன்றும் தவறாமல் நடைபெறவேண்டும். அடுப்பைத் தேர்ந்தெடுக்கும்போது, அதனை நாள்தோறும் உபயோகிக்கும் பெண்களின் அபிப்பிராயத்தை முதலிற் கேட்டல் வேண்டும். அவர்களுக்குச் சௌகரியமற்ற அடுப்பு எவ்வளவு சிறந்ததாயினும் நிலைக்காது. கரிநெருப்பை மூடிய அறையில் வைத்து உறங்குதல் உயிருக்கே ஆபத்தாகும் என்பதையும் வீட்டார் அனைவரும் அறிந்திருக்கவேண்டும்.

உலர்ந்த விறகு, வேலைக்கேற்ற அடுப்பு, இடையறாத பராமரிப்பு என்னும் இம்மூன்றும் சேர்ந்த வீட்டில் விறகுச் செலவும் குறையும், புகையும் குறையும். வருகிற தை மாதத்தில் விறகைப் பிளந்து அடுக்குவதே இதற்கு முதற்படி, அதற்குச் செலவேதுமில்லை.