அறிவும் ஈமானும் பகையா?



தெலுக் பங்லிமா காராங்கில் நம் பிள்ளைகள் மார்க்கத்தைப் பற்றி ஏதேனும் வினவினால், “கேள்வி கேளாதே, நம்பு” என்று வாயடைத்து விடுவோர் நம்மில் உண்டு. வளர்ந்தபின் அப்பிள்ளை, ஈமானுக்கும் அறிவுக்கும் ஒத்துவராது என்று எண்ணினால் குற்றம் யாருடையது?

இதே பிரச்சினையை அல்லாமா இக்பால் 1929 ஜனவரியில் சென்னையில் ஆராய்ந்தார். அவரை வரவழைக்க முன்னின்றவர் தமிழகத்துத் தோல் வணிகர் ஜமால் முகம்மது சாகிப். அங்கு ஆற்றிய மூன்று சொற்பொழிவுகளும் வேறு மூன்றும் சேர்ந்து 1930இல் ஆங்கில நூலாக வெளிவந்தன. அறிவு உண்மையைப் பகுதி பகுதியாகக் காண்கிறது; உள்ளுணர்வு முழுமையாகக் காண்கிறது; இரண்டும் ஒரே வேரில் முளைத்தவை என்பதே அவர் கருத்து.

1915இல் அவர் பாரசீகத்தில் வெளியிட்ட ‘அஸ்ராரே குதீ’ பெரும் சர்ச்சையைக் கிளப்பியது. ‘குதீ’ என்றால் அகந்தை என்றே பலர் பொருள் கொண்டிருந்தனர். அவரோ தன்னை அறிந்து உறுதிப்படுத்துவதை அச்சொல்லால் குறித்தார். இறைவனில் கரைந்து மறைவதே முடிவு என்பதை அவர் ஏற்கவில்லை.

குணங்குடி மஸ்தான் சாகிபு அவர்களின் பாடல்களைக் கேட்டு வளர்ந்த நாம், “‘நான்’ ஒழிய வேண்டாமா?” என்று கேட்கலாம். ஒழிய வேண்டியது ஆணவம்; பொறுப்பன்று. மறுமையில் ஒவ்வொருவரும் தனித்தனியே அல்லவா கணக்குக் கொடுக்கப் போகிறோம்!

ஆகவே, பிள்ளை கேட்டால் தெரிந்ததைச் சொல்லுங்கள். தெரியாவிட்டால், “வா, ஆலிமிடம் கேட்போம்” என்று கூட்டிச் செல்லுங்கள். கேட்டுத் தெளிந்த ஈமானே காற்றுக்கு அசையாது. அல்லாஹ் நமக்கு அதனை அருள்வானாக! ஆமீன்.