முதல் புகார்

எங்கள் மையத்தில் வெள்ளிக்கிழமை பேப்பர் படிக்கும் நாள். ஒருவர் சத்தமாகப் படிப்பார். மற்றவர்கள் கேட்போம்.

2025 நவம்பரில் ஒரு நாள் நிதாரி பற்றிய செய்தி வந்தது. நிதாரி எங்கே இருக்கிறது? டெல்லிக்குப் பக்கத்தில், உத்தரப் பிரதேசத்தில், நொய்டா நகரத்துக்குள் இருக்கிறது. கூலி வேலை தேடி வந்த ஏழைகள் நிறையப் பேர் அங்கே குடியிருந்தார்கள். 2005, 2006 ஆண்டுகளில் அங்கே குழந்தைகள் ஒவ்வொருவராகக் காணாமல் போனார்கள். பெற்றோர் போலீஸ் ஸ்டேஷனுக்கு நடையாய் நடந்தார்கள். பல பேருடைய புகாரை யாரும் காது கொடுத்துக் கேட்கவில்லை. 2006 டிசம்பர் கடைசியில் ஒரு வீட்டுக்குப் பின்னால் சாக்கடையில் மண்டை ஓடுகளும் எலும்புகளும் கிடைத்தன.

நாடே கொதித்தது. கூட்டம் அந்த வீட்டின் மேல் கல் எறிந்தது. சில போலீஸ்காரர்களுக்கு வேலை போனது. இரண்டு பேருக்குத் தூக்கு என்று கீழ் கோர்ட் சொன்னது. பிறகு என்ன ஆனது? விசாரணை ஒழுங்காக நடக்கவில்லை, சாட்சியம் போதாது என்று 2023-இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. 2025-இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. மிச்சம் இருந்த கடைசி வழக்கிலும் நவம்பரில் விடுதலை.

அன்று மையத்தில் ஒரே சத்தம். "நடு ரோட்டில தூக்குல போடணும்" என்றார் ஒரு அக்கா.

"யாரைப் போடுவ? யார் செஞ்சதுன்னே தெரியலையே" என்றார் இன்னொரு அக்கா.

மூலையில் இருந்த பாட்டி அதுவரை பேசவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஏம்மா, அந்தப் பிள்ளையோட அப்பன் முதல்ல ஸ்டேஷனுக்குப் போனானே, அன்னைக்கு இந்தக் கூட்டம் எங்க போச்சு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. உங்களுக்குத் தெரியுமா?

எலும்பு கிடைத்த பிறகு ஆயிரம் பேர் வந்தார்கள். முதல் குழந்தை காணாமல் போன அன்று பத்துப் பேர் கூடப் போயிருந்தால்? புகாரை வாங்கும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தால்?

இப்போது நம் கையில் ஒரு தீர்ப்பு இருக்கிறது. குழந்தையைக் காணவில்லை என்று புகார் வந்தால் வழக்குப் பதிய வேண்டும் என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. "நாளைக்கு வா" என்று சொல்ல முடியாது. எஃப்.ஐ.ஆர். நகலைக் காசு வாங்காமல் தர வேண்டும். ஸ்டேஷனில் புகாரை வாங்க மறுத்தால், மாவட்டப் போலீஸ் சூப்பிரண்டுக்குத் தபாலில் அனுப்பலாம்.

இன்னொன்றும் பேச வேண்டும். பேசக் கூச்சமாகத்தான் இருக்கிறது. குழந்தைகளுக்கு நடக்கும் பாலியல் கொடுமை பற்றி மத்திய அரசு 2007-இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. 13 மாநிலங்களில் 12,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் கேட்டார்கள். பாதிக்கு மேற்பட்ட குழந்தைகள் ஏதாவது ஒரு வகையில் இந்தக் கொடுமைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். ஆண் குழந்தைகளும்தான். செய்தவர்களில் பாதிப் பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள். பெரும்பாலான குழந்தைகள் யாரிடமும் சொல்லவே இல்லை.

இதைப் படித்ததும் தூக்கில் போடச் சொன்ன அக்காவே மெதுவாகச் சொன்னார்: "வெளி ஆளுன்னா கல்லெடுப்போம். மாமன் முறை ஆளுன்னா வாயை மூடிக்கிறோம்."

உண்மைதானே? நம் கோபம் தெருவோடு நின்றுவிடுகிறது. வாசற்படி தாண்டி உள்ளே வருவதில்லை.

ஒரு குழந்தை வந்து சொன்னால் அதட்டாதீர்கள். "நீ ஏன் அங்க போன?" என்று கேட்காதீர்கள். "சொன்னது நல்லது, உன் மேல தப்பு இல்ல" என்று சொல்லுங்கள். பிறகு 1098-க்குப் போன் செய்யுங்கள். இரவும் பகலும் எடுப்பார்கள். காசு கிடையாது.

2012-இல் வந்த போக்சோ சட்டம் 18 வயதுக்கு உட்பட்ட எல்லாக் குழந்தைகளுக்கும் உரியது. இப்படி நடந்தது தெரிந்தால் போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும். தெரிந்தும் மறைக்கும் பெரியவர்களுக்குத் தண்டனை உண்டு. குழந்தையை ஸ்டேஷனுக்கு இழுத்துக்கொண்டு போக வேண்டியதில்லை. வீட்டுக்கே வந்து கேட்கலாம். கேட்கும் போலீஸ் காக்கி உடுப்பில் வரக்கூடாது. முடிந்தவரை பெண் அதிகாரியே வர வேண்டும். இரவில் குழந்தையை ஸ்டேஷனில் வைக்கக் கூடாது.

நல்ல மனசோடு நாம் செய்யும் ஒரு தப்பும் உண்டு. நியாயம் கேட்கிறோம் என்று குழந்தையின் பேரையும் படத்தையும் போஸ்டரில் போடுகிறோம், செல்போனில் அனுப்புகிறோம். கொடுமைக்கு ஆளான குழந்தை யார் என்று வெளியில் தெரிய விடுவது சட்டப்படி குற்றம். அந்தக் குழந்தை நாளைக்கும் அதே தெருவில்தான் நடக்க வேண்டும். காணாமல் போன குழந்தையைத் தேடுவதற்குப் படம் போடுவது வேறு.

அன்று கடைசியில் நாங்கள் எல்லோரும் ஒரு புகார் எழுதிப் பழகினோம். பாட்டி "வழக்கு" என்ற சொல்லை மூன்று தடவை அழித்து எழுதினார். நீங்களும் உங்கள் கையால் எழுதிப் பாருங்கள்.

காவல் ஆய்வாளர் அவர்களுக்கு,
ஐயா / அம்மா,
என் மகன் / மகள் ............, வயது ......, ............ தேதி ...... மணியிலிருந்து காணவில்லை. கடைசியாகப் பார்த்த இடம் ............ உடுத்தியிருந்த துணி ............ அடையாளம் ............
வழக்குப் பதிவு செய்து, எஃப்.ஐ.ஆர். நகல் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.
கையெழுத்து ............
கூட வந்தவர்கள் கையெழுத்து ............ ............ ............