கேபிள் இல்லாமல் சார்ஜ்

என் பட்ஜெட் போனில் வயர்லெஸ் சார்ஜிங் இல்லை. போனை மாற்றாமல் அந்த வசதியைச் சேர்க்க முடியுமா?
– வாசகர், தேனி

தாராளமாக முடியும், போனைப் பிரிக்கவே வேண்டாம். ‘கியூஐ வயர்லெஸ் ரிசீவர்’ என்று கேட்டு வாங்குங்கள். உள்ளே செம்புச் சுருள் கொண்ட மெல்லிய பட்டை அது. நாடா போன்ற அதன் வால் நுனியில் டைப்-சி பின் இருக்கும். பின்னைச் சார்ஜிங் போர்ட்டில் செருகி, வாலைப் பின்பக்கம் மடித்து, பட்டையைப் போனின் முதுகில் ஒட்டி, மெல்லிய கவரை மாட்டுங்கள். கவரில் உலோக வளையம் இருந்தால் சார்ஜ் ஏறாமல் போகலாம். சார்ஜிங் பேடைத் தனியாக வாங்க வேண்டும்.

வேகத்தை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். பெரும்பாலான ரிசீவர்கள் 5 முதல் 10 வாட் வரைதான் தரும். இரவில் தூங்கும்போது வைக்க அது போதும். போர்ட் ஆட்டம் கண்டதால் கேட்கிறீர்கள் என்றால், முதலில் அதை மாற்றிவிடுங்கள். ரிசீவருக்கும் அந்த போர்ட்தான் வழி.